காலியாகக் கூடாத இடம்

பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரின் மேல் ஒருவர் நிற்கிறார். ஒரு கையில் மாட்டுச் சாட்டை. இன்னொரு கையால் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். சுவரின் தலையில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே அடுத்த காலை எங்கே வைப்பதென்று குனிந்து பார்க்கிறார். நான் வாசல் மணலில் மல்லாந்து படுத்திருந்தேன். தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்ததால் அவர் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தார். சாட்டையைக் கீழே வைத்துவிட்டு ஏறியிருக்கலாமே என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. அவருக்கு அது தோன்றவில்லை. எத்தனை அவசரத்தில் வந்திருந்தார் என்பதை அந்தச் சாட்டையை வைத்துத்தான் இன்றும் கணக்கிடுகிறேன்.

அவரை நான் நைனா என்று அழைத்தேன். எனக்கு அவர் உறவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். என் ஊரில் நான் படித்த மிஷன் பள்ளிக்கும், பூந்தமல்லிச் சாலையில் அதே மிஷன் நடத்திய பள்ளிக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆண்டுக்கு ஒரு பையன் அங்கிருந்து இங்கே வருவான். இங்கிருந்து ஒருவன் அங்கே போவான். பத்தாம் வகுப்பை அப்போது ஐந்தாம் பாரம் என்பார்கள், அதில் நான் வந்தேன். எனக்கு மாற்றாகக் கப்பலேறிப் போனவன் பாரிவாக்கத்துப் பையன், நைனாவின் ஒரே மகன். அவனை நான் பார்த்ததே இல்லை. நான் தனுஷ்கோடியில் இறங்குவதற்கு முன்பே அவன் தலைமன்னாரைத் தாண்டியிருந்தான்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு விசேஷங்கள் இருந்தன. முதலாவது, ஆளுக்கு ஆள் என்ற கணக்கு. ஒருவனைப் பள்ளியிலிருந்து நீக்கினால் மறுகரையில் இருப்பவனும் மூட்டை கட்ட வேண்டும். இரண்டாவது, பெயர்ப் பட்டியல். எங்கள் தலைமையாசிரியர் பதிவேட்டில் ஓர் அடித்தலைக்கூடப் பொறுக்காதவர். ஓராண்டுக்காக ஒரு பெயரை நீக்கி இன்னொரு பெயரை எழுதி, மறுபடி அதை நீக்குவதா என்று அவர் பட்டியலை அப்படியே விட்டுவிட்டார். காலையில் பாரிவாக்கத்துப் பையனின் பெயரைக் கூப்பிடுவார். நான் எழுந்து "உள்ளேன் ஐயா" என்பேன். யாழ்ப்பாணத்தில் என் பெயருக்கு அவன் எழுந்து நின்றான். முதல் சில வாரங்கள் பெயர் காதில் விழுந்தும் சும்மா உட்கார்ந்திருந்து திட்டு வாங்கினேன். பிறகு பழகிவிட்டது. தெருவில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லி வேறு எவனையோ கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாற்றுப் பையன் கடல் கடந்து போனவனின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் என்பதும் வழக்கம். நைனா பாரிவாக்கத்தில் ஒரு நிலக்காரரிடம் பண்ணையாள். கீரையும் கத்தரிக்காயும் ஏற்றி நிலக்காரரின் வண்டியைக் கொத்தவால்சாவடிச் சந்தைக்கு ஓட்டுவார். திரும்பும் வழியில் பள்ளி வாசலில் நிறுத்தி என்னை ஏற்றிக்கொள்வார். போகும்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"எங்க பையன் அங்க இன்னா துன்னுவான் நைனா?" அந்தப் பக்கத்தில் பிள்ளைகளையும் செல்லமாக நைனா என்பார்கள். அதனால் நானும் அவரும் ஒருவரையொருவர் அதே சொல்லால் அழைத்துக்கொண்டோம்.

"பிட்டும் சொதியும் சாப்பிடுவான்."

"சொதின்னா?"

"தேங்காய்ப் பால் விட்டு வைக்கிறது."

"போன மாசமும் இத்தையேதான் சொன்னே. வேற ஒண்ணும் போட மாட்டாங்களா அந்த ஊர்ல?"

வீட்டில் அவர் மனைவி களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருப்பார். முதல் உருண்டையை என் தட்டில் வைத்துவிட்டு, நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் பார்ப்பது என்னை அல்ல என்பது எனக்குத் தெரியும். அங்கே என் அம்மாவும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நானும் நிதானமாக விழுங்குவேன்.

அந்த ஓராண்டை முடித்தால் மகனுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் தருவதாக மிஷன் சொல்லியிருந்தது. அவர்கள் தெருவில் வாத்தியாராக யாரும் ஆனதில்லை. பையனை ஏருக்கு அனுப்பாமல் படிக்க அனுப்பியதே நிலக்காரருக்கு, நைனாவின் வாயில் 'ஆண்டே'வுக்கு, பிடிக்கவில்லை. "பாதியில திரும்பி வந்தான்னு வெச்சுக்க, ஆண்டே அவன் கையில சாட்டையக் குடுத்துடுவாரு. அதோட முடிஞ்சிது" என்று நைனா ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டுத் தம் கையிலிருந்த சாட்டையால் மாட்டின் முதுகில் உட்கார்ந்த ஈயை மெல்ல ஓட்டினார்.

விடுதியில் என் பக்கத்துப் பாய் மேனாம்பேட்டுப் பையனுடையது. எங்கள் வகுப்பில் எல்லாரையும்விட உயரம். நான் பேசும் தமிழைக் கேட்டு, "இருக்கிறன் இல்லடா, கீறேன்னு சொல்லு" என்று விடுதியே சிரித்தபோது அவனும் சிரித்தான். ஆனால் அவன் சிரித்து முடித்ததும் மற்றவர்களும் முடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் சட்டம். எனக்கு "யாப்பாணம்" என்று பெயர் வைத்தவனும் அவனே. எனக்குக் காய்ச்சல் கண்டபோது, சமையற்கட்டில் சண்டை போட்டு வெந்நீர் வாங்கி வந்து, "குடி மாமே, செத்துகித்து வெச்சே, உங்க ஊருக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றான்.

அது, உப்புக் காய்ச்சியவர்களையெல்லாம் சிறைக்கு அனுப்பிய ஆண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான் விடுதியிலேயே தங்கினேன். மேனாம்பேட்டுப் பையன் பட்டணத்துக்குப் போனவன், சீமைத் துணிக்கடை வாசலில் மறியல் செய்து பிடிபட்டுச் சிறையில் இருந்தான். பள்ளி திறந்தபோது மொட்டைத் தலையும் கதர்ச் சட்டையுமாக வந்து நின்றான். தலைமையாசிரியர் அவனை உள்ளே விடவில்லை. செய்தது தவறு, இனிச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வரலாம் என்றார். "தப்புன்னு எப்டி சார் எழுதறது? பொய்யெழுதினா நீங்கதானே அடிப்பீங்க?" என்று இவன் கேட்டான். வாசற்கதவு சாத்தப்பட்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் மேனாம்பேட்டிலிருந்து நடந்து வந்து கதவுக்கு வெளியே மணலில் உட்கார்ந்துகொண்டான். பாடப் புத்தகத்தை மடியில் விரித்துப் படித்தான். நாங்கள் அவனைக் கடந்துதான் உள்ளே போனோம். ஒவ்வொரு நாளும் அது கடினமாகிக்கொண்டே வந்தது. விடுதியில் அவன் பாய் சுருட்டிச் சுவரோரம் சாத்தியிருந்தது. பிள்ளைகள் ஒன்று கூடினார்கள். அவனை மன்னிப்பில்லாமல் சேர்த்துக்கொள்ளும்வரை வகுப்புக்குப் போவதில்லை, வாசலில் குறுக்கே படுப்பது என்று முடிவாயிற்று. செய்தி எப்படியோ தலைமையாசிரியருக்கும் எட்டியது. திங்கட்கிழமை காலைப் பட்டியல் முற்றத்தில் வாசிக்கப்படும், பெயர் கூப்பிடும்போது பதில் வராதவர்கள் அன்றே நீக்கப்படுவார்கள், அந்தப் பெயர்கள் போலீசுக்கும் போகும் என்று அறிவித்தார்.

விடுதியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"உனக்கின்னாபா, நீக்கினா கப்பலேறி ஊட்டுக்குப் போயிடுவே" என்றான் ஒருவன்.

"அவன் எங்கடா போவான், அவன் பேரே இங்க கெடையாதே" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சொன்னதில் இருந்த உண்மை எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் படுத்தால், போலீசுக்குப் போகப்போவது கடலுக்கு அப்பால் இருக்கும் ஒருவனின் பெயர்.

அந்தச் சனிக்கிழமை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. நைனா வண்டியில் ஏற்றியதும் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும்தான் கேட்டார்.

"சந்தையில சொல்லிக்கினாங்க. நீயும் படுக்கப் போறியா?"

"தெரியாது நைனா."

"தெரியாதுன்னா?"

"அவன் எனக்குப் பக்கத்துப் பாய். அவன் வெளியில இருக்க நான் உள்ள போகேலாமல் கிடக்கு."

அவர் மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த செம்பை எடுத்து நகர்த்தி வைத்தார். வேறு வேலையில்லாமல் செய்த வேலை அது.

"அந்தப் புள்ள நல்ல புள்ளதான். நான் கண்டிருக்கேன்" என்றார் நைனா. "வெள்ளைக்காரனுக்காவ நான் பேசல. எனக்கு இன்னா, வெள்ளைக்காரன் மாமனா மச்சானா? ஆனா நீ குந்திகினு கீறது எம்புள்ள எடம் நைனா. அது காலியானா அவனுக்கு அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. நான் வேற இன்னா சொல்ல?"

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். திரும்பி வரும்போது விடுதி வாசலில் என்னை இறக்கிவிட்டு, நான் உள்ளே போகும்வரை வண்டியை நகர்த்தாமல் நின்றார்.

திங்கட்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் திறந்திருந்த வாசலின் குறுக்கே வரிசையாகப் படுத்துவிட்டார்கள். நான் விடுதியிலிருந்து வெளியே வந்தபோது மேனாம்பேட்டுப் பையன் ஓரத்தில் படுத்திருந்தான். என்னைப் பார்த்தான், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மணல் காலியாக இருந்தது. நான் அதில் படுத்தேன். இதை முடிவு என்று சொல்ல முடியுமா என்று எனக்கு இன்றும் சந்தேகம். தினமும் இரவில் எங்கே படுத்தேனோ அங்கே படுத்தேன், அவ்வளவுதான்.

படுத்திருப்பவனைத் தாண்டினால் அவன் வளரமாட்டான் என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள், இங்கும் சொல்வார்கள். பெற்றவர்கள் யாரும் பிள்ளையைத் தாண்டமாட்டார்கள், ஆசிரியர்களும் தயங்கினார்கள். தமிழாசிரியர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டார். தலைமையாசிரியரும் படுக்காத சில பிள்ளைகளும், எப்போதும் பூட்டியே இருக்கும் விடுதிப் பின்கதவைத் திறந்து முற்றத்துக்கு வந்து, அதை மறுபடி பூட்டிக்கொண்டார்கள். பூந்தமல்லியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் முதல் நாள் இரவே தம் ஆட்களோடு பள்ளியில் தங்கியிருந்தார். அவரும் தலைமையாசிரியருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். லத்தி பிடித்த போலீஸ்காரர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள். இரண்டாம் மணி அடித்தால் பட்டியல்.

அப்போதுதான் வண்டிச் சக்கரச் சத்தம் கேட்டது. கீரைக்கட்டுகளோடு நைனா வந்து நின்றார். இறங்கி என் தலைமாட்டில் குந்தினார்.

"எயுந்திரு நைனா."

"எழும்ப மாட்டன்."

அவர் மேனாம்பேட்டுப் பையனைப் பார்த்தார். "நீயாச்சும் சொல்லேன்பா."

"நாங்க ஒண்ணும் புடிச்சி வெச்சிக்கல மாமா" என்றான் அவன். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "போறதுன்னா போடா. நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றான். அவன் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் ஒருவேளை எழுந்திருப்பேன்.

நைனா எழுந்து, படுத்திருந்த வரிசையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை பார்த்தார். கால் வைக்க இடமில்லை.

"தாண்டிப் போ பெரியவரே, யாப்பாணம் ஏற்கெனவே குள்ளந்தான், இனிமே வளர்ந்து இன்னா ஆவப் போவுது" என்று எவனோ சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் மணி அடித்தது.

நைனா ஓடினார். வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, கீரைக்கட்டுகளின் மேல் ஏறி, அங்கிருந்து சுவர்மேல் ஏறினார். கண்ணாடிச் சில்லில் வேட்டி மாட்டிக் கிழிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. உள்ளே குதித்தார். போலீஸ்காரர் ஒருவர் லத்தியோடு முன்னால் வந்தார். நைனா அவரைக் கவனிக்காமல், நொண்டிக்கொண்டே போய், பிள்ளைகள் நின்ற வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். தலைமையாசிரியர் அதற்குள் பட்டியலை வாசிக்கத் தொடங்கியிருந்தார். தொடங்கிய பிறகு நிறுத்தும் வழக்கம் அவருக்கில்லை.

ஒரு பெயர். பதிலில்லை. அடுத்த பெயர். பதிலில்லை. ஒவ்வொரு மௌனத்துக்கும் பேனா காகிதத்தில் கீறியது. என் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் தங்கள் பெயர் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. பிறகு நான் சுமந்துகொண்டிருந்த பெயர் வந்தது.

"உள்ளேன் ஐயா."

சாட்டை பிடித்த கை மேலே போயிருந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"யாரய்யா நீ?"

"அவன் அப்பன் சாமி."

"உன்னையா கூப்பிட்டாங்க?"

"எம்புள்ள பேரத்தான் கூப்ட்டாங்க. அவன் அக்கரையில கீறான். அவனுக்குப் பதிலு வந்த புள்ள வாசல்ல படுத்துகினு கீது, எயுந்துக்க மாட்டேன்குது. எடம் காலியா கீறக் கூடாதுன்னாங்க. நான் வந்துட்டேன்."

போலீஸ்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். "பேஷ், அஞ்சாம் பாரத்துல சேத்துக்குங்க சார், மீசை நல்லாருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். நைனா கையை இறக்கவில்லை. அவருடைய முழங்காலிலிருந்து இரத்தம் கணுக்கால்வரை இறங்கியிருந்தது. தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. அவர் நைனாவைப் பார்த்தார், பிறகு வாசலில் எங்களைப் பார்த்தார். பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ முடிவுகளுக்காகக் காத்திருந்திருக்கிறேன். அந்தப் பேனாவைப்போல எதுவும் என்னை அச்சுறுத்தியதில்லை.

"பெயருக்குப் பதில் வந்திருக்கிறது" என்றார் தலைமையாசிரியர்.

"சார், இது என்ன விளையாட்டு? வேற ஆள் சொன்ன பதில்."

"இந்தப் பெயருக்கு இந்த ஆண்டு முழுவதும் வேறு ஆள்தான் பதில் சொல்லி வருகிறார். நானே அனுமதித்தது." எழுதினார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அவர் இரக்கத்தால் அப்படிச் செய்தாரா, பதிவேட்டின் ஒழுங்குக்காகச் செய்தாரா என்று பலகாலம் யோசித்திருக்கிறேன். மற்றப் பெயர்கள் எதற்கும் அவர் இரங்கவில்லை. பட்டியல் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். லத்திகள் வாசலுக்கு வந்தன. என் முழங்காலுக்குக் கீழே விழுந்த அடியும் மேனாம்பேட்டுப் பையனின் தோளில் விழுந்த அடியும் ஒரே லத்தியின் போக்கும் வரத்தும்தான். எங்களை இழுத்துச் சாலையில் போட்டார்கள்.

மாலையில் நீக்கப்பட்டவர்களின் பெட்டிகள் விடுதிக்கு வெளியே வரிசையாக வைக்கப்பட்டன. என் பெட்டி மட்டும் உள்ளேயே இருந்தது. பதிவேட்டின்படி, வாசலில் அடி வாங்கிய நேரத்தில் நான் முற்றத்தில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் வெளியே வந்தேன். அவர்களோடு போய்விடுவது என்றுதான் வந்தேன். மேனாம்பேட்டுப் பையன் வீங்கிய தோளோடு என் எதிரில் வந்து, ஒரு கையால் அந்தப் பெட்டியை வாங்கி, திரும்ப விடுதிப் படியில் வைத்தான்.

"எங்க கெளம்பிட்டே?"

"உங்களோட."

"அந்த ஆளு கண்ணாடி மேல ஏறிக் குதிச்சாரே, அது இன்னாத்துக்கு? உன் மூஞ்சிக்கா? போய்க் குந்து. நாங்க படுத்துட்டோம், நீ குந்து. ரெண்டும் ஒண்ணுதான் போ."

ரெண்டும் ஒன்று என்பதை நான் அன்று நம்பவில்லை. இப்போதும் முழுக்க நம்பவில்லை. தெருவில் படுப்பதற்குத் துணை உண்டு. காலி வகுப்பில் உட்காருவதற்கு இல்லை. பள்ளி வருஷம் முடிந்து நான் ஊர் திரும்பினேன். பாரிவாக்கத்துப் பையன் வாத்தியாரானான், பிறகு தலைமையாசிரியரும் ஆனான் என்று கடிதம் வந்தது. அவனை இன்றுவரை நான் நேரில் பார்க்கவில்லை. இப்போது என் ஊரில் பிள்ளைகள் வகுப்புப் பகிஷ்கரிப்பு என்று கொடி பிடித்துப் போகும்போது, முன்வரிசையில் போகிறவர்களைவிட, அன்று வகுப்பில் தனியாக உட்கார்ந்திருப்பவன் யார், எதற்காக உட்கார்ந்திருக்கிறான் என்றே என் மனம் தேடுகிறது.

அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்த நாள் காலை வகுப்பில் பெஞ்சுகள் வெறுமையாகக் கிடந்தன. ஜன்னல் வழியே சாலை தெரிந்தது. தலைமையாசிரியர் பட்டியலை வாசித்தார். நீக்கப்பட்ட ஒவ்வொரு பெயரின் இடத்திலும், பெயரைச் சொல்லாமல், சொல்லும் நேரம் அளவுக்கு நின்று, பிறகு அடுத்ததற்குப் போனார். அப்போது சாலையில் நைனாவின் வண்டி பட்டணத்தை நோக்கிப் போயிற்று. அவர் முழங்காலில் கட்டோடு மாடுகளுக்குப் பக்கத்தில் நடந்தார். வண்டியில் கத்தரிக்காய் மூட்டைகளின் மேல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி மறியலுக்குப் புறப்பட்ட மொட்டைத் தலை ஒன்று உட்கார்ந்திருந்தது. அவனை ஏற்றிக்கொள்ளும்படி நைனாவிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது.

பள்ளியைக் கடக்கும்போது அவன் மூட்டைமேல் எழுந்து நின்றான்.

"யாப்பாணம்! கீறியா?"

வகுப்பில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலைமையாசிரியரும் பார்த்தார், வாசிப்பதை நிறுத்தினார். நான் எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடிந்த அளவு சத்தமாக, "கீறேன்!" என்றேன். அந்தச் சொல்லை நான் சொன்னது அதுவே முதல் தடவை. சாலையில் நைனா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நடையை ஒரு கணம் நிறுத்தி, பிறகு மாட்டை ஓட்டினார். தலைமையாசிரியர் வண்டிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.